கிண்ணத்தில் மிஞ்சிய சாறு

ஜப்பானின் யமகத்தா நகரில் ராமென் என்னும் சாறு ஊற்றிய நூடுல்ஸ் சாப்பிட்டு எழுந்திருப்பவர்கள் ஒரு நன்றிச் சொல் சொல்லிவிட்டுத்தான் வெளியேறுவார்கள். நல்ல ராமெனுக்கும் அதைச் சொல்வார்கள்; சுமாரான ராமெனுக்கும் அதையே சொல்வார்கள். ஆகையால் எந்தச் சமையற்காரரும் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. அவர் பார்ப்பது கிண்ணத்தை. சாப்பிட்டவர் தம் கிண்ணத்தைத் தூக்கி, அடுப்புக்கும் இருக்கைகளுக்கும் நடுவே உயர்ந்து நிற்கும் பலகைமீது வைத்துவிட்டுப் போவார். கிண்ணத்தின் அடி தெரிந்தால் சமையல் தேறிவிட்டது என்று பொருள். சாறு மிஞ்சியிருந்தால் ஏதோ குறை. என்ன குறை என்று சமையற்காரர் கேட்பதில்லை, சாப்பிட்டவரும் சொல்வதில்லை. கேட்பது அவருக்கு இழுக்கு, சொல்வது இவருக்குப் பண்புக் குறைவு என்பது அந்த ஊர் ஏற்பாடு.

ஒகுயாமா தெய்ஜி இருபத்து மூன்று ஆண்டுகளாக அந்தப் பலகையைப் படித்தே தொழில் செய்து வந்தவர். கவபத்தா பேட்டையில், தபால் அலுவலகத்துக்கு எதிர்ச் சந்தில், ஒன்பது பேர் உட்காரக்கூடிய கடை அவருடையது. கோழி எலும்பு, நெத்திலிக் கருவாடு, கடற்பாசி ஆகிய மூன்றையும் விடியற்காலையிலிருந்து கொதிக்கவிட்டு வடித்த தெளிந்த சாறு. கிண்ணத்தின் அடியில் உப்புக் கரிக்கும் சோயாக் கலவை ஒரு கரண்டி. இதற்குமேல் அதில் வித்தை ஒன்றும் இல்லை. ஆனாலும் அந்தக் கடையில் கிண்ணங்கள் கழுவி வைத்தாற்போல்தான் பலகைக்குத் திரும்பும்.

செப்டம்பர் இரண்டாம் வாரத்தில் ஒரு திங்கட்கிழமை, தபால்காரர் ஷிபுயேயின் கிண்ணம் பாதிச் சாற்றோடு திரும்பியது. ஷிபுயேவுக்கு வயிறு சரியில்லை போலும் என்று தெய்ஜி நினைத்துக்கொண்டார். மறுநாள் கூரை வேலைக்காரர் இருவரின் கிண்ணங்களும் அப்படியே வந்தன. வியாழனன்று, ஐந்தாம் வகுப்பிலிருந்து அவரோடு ஒன்றாகப் படித்தவனும் பக்கத்துத் தெருவில் சலூன் வைத்திருப்பவனுமான கொன்னோவின் கிண்ணமும் பாதியில் நின்றது. கொன்னோ என்பவன் சாற்றைக் குடித்து முடித்த பிறகு கிண்ணத்தை ஒரு முறை கவிழ்த்தும் பார்க்கிறவன். அவன் கிண்ணம் பாதியில் நின்றதைக் கண்டபோது தெய்ஜிக்குக் காலடியில் தரை இறங்குவது போல் இருந்தது.

"என்ன மாஸ்டர், மலையில பனி விழ ஆரம்பிச்சிடுச்சாமே?" என்றார் ஷிபுயே, கிண்ணத்தைப் பலகையில் வைத்தபடி. பார்வை மட்டும் தெய்ஜியின் பக்கம் வரவில்லை.

"செப்டம்பர்லயா பனி?"

"இல்ல... இனிமே விழும்னு சொல்ல வந்தேன்."

சொல்லிவிட்டு அவசரமாகச் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். பேட்டை ஆட்கள் எல்லோரும் அப்படித்தான் ஆனார்கள். வழக்கம்போல் வந்தார்கள், நூடுல்ஸை ஓசையோடு உறிஞ்சினார்கள், பன்றி இறைச்சித் துண்டையும் மூங்கில் குருத்தையும் மிச்சமின்றித் தின்றார்கள். பிறகு சாற்றைப் பாதியில் நிறுத்தி, வானிலையைப் பற்றி ஏதாவது சொல்லி, தலையைக் குனிந்துகொண்டு வெளியேறினார்கள். மாத முடிவில், கழுவும் தொட்டியின் வலைமீது தெய்ஜி கொட்டிய சாறு ஒரு பெரிய பானையை நிறைக்கும் அளவாயிற்று. விடியலில் தாமே வடித்ததைப் பிற்பகலில் தாமே கொட்டுவது எப்படிப்பட்ட வேலை என்பது செய்தவர்களுக்குத்தான் தெரியும்.

அவர் யாரிடமும் கேட்கவில்லை. மனைவி நோபுயோவிடம்கூட வாய் திறக்கவில்லை. சாற்றில்தான் குறை என்று முடிவு செய்து, அதைத் திருத்த முற்பட்டார். முதலில் கருவாட்டை ஒரு பிடி கூட்டினார். கிண்ணங்கள் பாதியாகவே வந்தன. சோயாக் கலவையை அரைக் கரண்டி கூட்டினார். இப்போது பாதிக்கும் மேல் மிஞ்சியது.

இந்த நேரத்தில்தான் நூடுல்ஸ் ஆலைக்காரர் ஹசெகுரா, காலையில் பெட்டிகளை இறக்கிக்கொண்டே ஒரு பேச்சை எடுத்தார்.

"மாஸ்டர், நம்ம ஆலையில மாவு பிசையற பொறுப்புக்கு ஒரு நல்ல ஆள் வேணும். உங்க கண்ணுல யாராவது பட்டா சொல்லுங்க. அக்டோபர் கடைசிக்குள்ள தெரிஞ்சா நல்லது."

தெய்ஜி கையைத் துடைத்துக்கொண்டார். "ஒருத்தர் இருக்காரு. அம்பத்து நாலு வயசு. மாவு பத்தி நல்லாத் தெரியும்."

"ஆளு எப்படி?"

"பிடிவாதக்காரரு. ஆனா வேலைக்கு வஞ்சனை பண்ணமாட்டாரு. மாசக் கடைசில கேட்டுச் சொல்றேன்."

அந்த ஐம்பத்து நாலு வயதுக்காரர் தாமே என்று அவர் சொல்லவில்லை. இந்த மாதத்துக்குள் சாறு சரியாகாவிட்டால் கடை வாசலில் தொங்கும் திரையை இறக்கி மடித்துவிடுவது. யாரும் விரும்பாததைக் காய்ச்சிக்கொண்டிருப்பதைவிட மாவு பிசைவது மேல். இந்தத் தீர்மானத்தை மனத்துக்குள் செய்துகொண்டுதான் அவர் நகரத்திலுள்ள மற்றக் கடைகளின் சாற்றைக் குடித்துப் பார்க்கப் புறப்பட்டார். இருபத்து மூன்று ஆண்டுகளில் அவர் வேறொருவர் கடையில் ராமென் சாப்பிட்டதே இல்லை. அதற்கு நேரமும் இருந்ததில்லை, தோன்றியதும் இல்லை.

கடைக்கு விடுமுறை புதன்கிழமை. "கத்தி தீட்டக் குடுத்துட்டு வரேன்" என்று நோபுயோவிடம் சொல்லிவிட்டு, துணியில் சுற்றிய கத்தியைச் சைக்கிள் கூடையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

முதல் புதன்கிழமை, ரயில் நிலையத்துக்குத் தெற்கே ஒரு கடை. அங்கே புளித்த சோயா விழுதில் செய்த சாறு. நடுவில் மிளகாய் விழுதை ஒரு நெல்லிக்காய் அளவு உருட்டி வைத்திருந்தார்கள். அதை எப்படிக் கரைப்பது என்று தெய்ஜிக்குத் தெரியவில்லை. ஓரக் கண்ணால் அக்கம்பக்கம் பார்த்தார். வலப்புறம் இருந்த குமாஸ்தாப் பெண் வந்த வேகத்தில் குச்சிகளால் அதை உடைத்துக் கிண்ணம் முழுவதையும் சிவப்பாக்கிக்கொண்டாள். இடப்புறம் இருந்த கிழவரோ, அந்த உருண்டை ஏதோ முட்டை என்பது போல அதைத் தொடாமல் சுற்றிச் சுற்றித் தின்று, கடைசியில் மிஞ்சிய சாற்றில் மட்டும் கரைத்து, கண்ணில் நீர் வரக் குடித்தார். ஒரே ராமெனை இருவர் இரண்டு விதமாகச் சாப்பிடுகிறார்களே என்று தெய்ஜிக்கு வியப்பாக இருந்தது. வந்த காரியத்தைச் சற்று நேரம் மறந்தே போனார். பிறகு நினைவு வந்து பலகையைப் பார்த்தார். அதில் இருந்த ஏழு கிண்ணங்களும் காலி.

இரண்டாம் புதன்கிழமை வடக்கே, குன்றுச் சரிவில், குளிர்ந்த ராமென் தரும் கடைக்குப் போனார். வெளியே ஆட்கள் கம்பளிச் சட்டை போட்டுத் திரிகிற அக்டோபரில், உள்ளே பனிக்கட்டி மிதக்கும் சாற்றை வரிசையாக உட்கார்ந்து குடித்துக்கொண்டிருந்தார்கள். தெய்ஜிக்கு ஒரு ஐயம் பிடித்துக்கொண்டது. கோழிக் கொழுப்பு குளிர்ந்தால் மெழுகு போல் உறையவேண்டுமே. இங்கே எண்ணெய் எப்படி வட்டம் வட்டமாக மிதக்கிறது? கிண்ணத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார், முகர்ந்தார், ஒரு துளியை விரலில் தேய்த்தும் பார்த்தார்.

அடுப்படியிலிருந்த இளைத்த மனிதர் சிரித்தார். "எந்தப் பேட்டைல கடை வச்சிருக்கீங்க, அண்ணே?"

"நானா? நான்... கத்தி தீட்ட வந்தவன்."

"கத்தி தீட்ட வந்தவரு உக்காந்ததும் நூடுல்ஸை மோந்து பாக்கமாட்டாரு. அதுவும் நீங்க பக்கத்துல இருக்கறவங்க கிண்ணத்தையெல்லாம் எட்டி எட்டிப் பாத்தீங்க. சரி, கண்டுபிடிச்சீங்களா?"

"நல்லெண்ணெய்."

"பாதி சரி. மீதிய அடுத்த தடவை வந்து கண்டுபிடிங்க."

மூன்றாம் புதன்கிழமை, ராமெனுக்கு, வேறொரு தானியத்தில் செய்யும் சோபா என்னும் நூடுல்ஸின் சாற்றையே ஊற்றித் தரும் ஒரு பழைய கடை. அங்கே சற்று இனிப்பு. அந்த இனிப்பு எங்கிருந்து வருகிறது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே சைக்கிளை மிதித்ததில் ஒரு முறை தெரு தப்பிக் கல்லறைத் தோட்டத்துக்குள் போய்விட்டார்.

பார்ப்பதில் அவருக்கு நாளுக்கு நாள் ருசி ஏறியது உண்மை. ஆனால் பார்த்ததையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்ததுதான் வினையாயிற்று. தெற்குக் கடையை எண்ணி மிளகாயும், குன்றுக் கடையை எண்ணி நல்லெண்ணெயும், பழைய கடையை எண்ணிச் சர்க்கரையும் அவருடைய பானைக்குள் நுழைந்தன. ஒவ்வொன்றையும் மறைக்கச் சோயாக் கலவை இன்னும் கொஞ்சம் கூடியது.

ஆற்றோரம் ஒரு கொக்கு இருந்ததாம். கோடையில் நீர் வற்றி மீன்கள் மடுவுக்குப் போய்விட்டன. மீன் சிக்காததற்குத் தன் அலகு மழுங்கியதே காரணம் என்று கொக்கு நினைத்து, தினமும் பாறையில் அலகைத் தீட்டியது. மழை வந்து மீன்கள் திரும்பியபோது அலகில் தீட்டுவதற்கு மிச்சம் ஏதுமில்லை. மடுவரைக்கும் பறந்துபோய் ஒரு மீனிடம் விசாரித்திருக்கலாம். கொக்குக்கு அது கௌரவமாகப் படவில்லை.

அக்டோபர் கடைசிப் புதன்கிழமை. மறுநாள் ஹசெகுராவுக்குப் பதில் சொல்லவேண்டும். தெய்ஜி மமிகசாகி ஆற்றுப் பாலத்தைக் கடந்து, அக்கரையில் மரக்கடைகளுக்கு நடுவே புகை போகும் ஒரு சிறிய கடைக்குள் நுழைந்தார். நண்பகல் கூட்டம். இயந்திரத்தில் காசு போட்டு எடுத்த சாப்பாட்டுச் சீட்டைப் பலகைமீது வைத்துவிட்டு, காலியாக இருந்த ஒரே இருக்கையில் அமர்ந்தார். பக்கத்து இருக்கைக்காரர் தொப்பியைப் புருவம்வரை இழுத்துவிட்டிருந்தார். இரு கைகளாலும் கிண்ணத்தை ஏந்தி, முகம் முழுவதும் அதற்குள் மறையும்படி சாற்றைக் குடித்துக்கொண்டிருந்தார். தொண்டை மேலும் கீழும் ஏறி இறங்கியது. அப்படிப்பட்ட குடியைத் தெய்ஜி தம் கடையில் ஐம்பது நாட்களாகப் பார்க்கவில்லை. ஆவலோடு பார்த்துக்கொண்டே இருந்தார்.

கிண்ணம் முழுவதும் சாய்ந்தது, பிறகு ஒரு முறை கவிழ்ந்தது, மெல்லக் கீழே இறங்கியது. அதன் பின்னால் கொன்னோவின் முகம் இருந்தது.

கொன்னோ அவசரமாக வாயைத் துடைத்துக்கொண்டான்.

"தெய்ஜி! நீ எங்கடா இங்க?"

"நான் எங்கயோ போறேன். நீ என் கடையில கீழ வச்சிட்டுப் போறதை இங்க வந்து குடிக்கிறியா?"

"மெதுவாப் பேசுடா. யார் காதுலயாவது விழப்போகுது."

"விழட்டும். இன்னிக்குப் புதன்கிழமை. சலூனைப் பூட்டிட்டு வந்திருக்க. வீட்ல என்ன சொல்லிட்டு வந்த?"

கொன்னோ தன் காலடியிலிருந்த கத்திரிப் பெட்டியைக் காட்டினான். "படுத்த படுக்கையா இருக்கற ஒருத்தருக்கு முடி வெட்டப் போறேன்னு. நீ?"

"கத்தி தீட்ட."

"நல்ல ஜோடி" என்றான் கொன்னோ.

தெய்ஜி சிரிக்கவில்லை. "நாப்பத்து மூணு வருஷப் பழக்கம். என் சூப்பு கெட்டுப்போச்சுன்னா மூஞ்சிக்கு நேரா ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? ஊரே கூடி இப்படி மௌனமா இருந்து கொல்லணுமா? நான் கடைய மூடப்போறேன், தெரியுமா உனக்கு?"

"கடைய மூடப்போறியா? எதுக்குடா? சூப்பு கெட்டுப்போச்சுன்னு யார் சொன்னா?"

"உங்க கிண்ணம்தான் சொல்லிச்சு. ஒவ்வொருத்தன் கிண்ணமும்!"

கொன்னோ அவரை உற்றுப் பார்த்தான். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு, இருமல் வரும்வரை சிரித்தான். "அடப்பாவி. உனக்குத் தெரியவே தெரியாதா? அந்தத் தாள்ல முதல் முத்திரையே உங்க வீட்டோடதுதானடா!"

"எந்தத் தாளு?"

"செப்டம்பர்ல வீடு வீடாச் சுத்தி வந்துச்சே, பேட்டை அறிவிப்புத் தாள். நீ எங்க அதெல்லாம் படிச்ச! வீட்ல அவங்க, கையெழுத்துக்குப் பதிலா வீட்டு முத்திரையைக் குத்திப் பக்கத்து வீட்டுக்குக் குடுத்துடுவாங்க. நம்ம பேட்டைல ரத்தக்கொதிப்பு ஜாஸ்தியாம். உப்பு அளக்கற கருவியை எடுத்துக்கிட்டுப் பொம்பளைங்க எல்லாரும் சமையக்கட்டுக்குள்ளயே வந்துட்டாங்க. எங்க வீட்டு சூப்புல அதை விட்டதும் என் பொண்டாட்டி முகத்தைப் பாக்கணுமே! ஆறு மாசத்துக்கு எல்லாரும் உறுதி குடுத்திருக்கோம். நூடுல்ஸ் எது தின்னாலும் சூப்பைப் பாதியில வச்சிடணும். அறுபது வீடும் முத்திரை குத்தியாச்சு."

தெய்ஜிக்கு முன் ஒரு கிண்ணம் வந்து அமர்ந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. "யாரு இதை ஆரம்பிச்சது?"

கொன்னோ தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். துக்க வீட்டில் பேசுகிறவனைப் போல் குரலைத் தணித்தான்.

"உன் பொண்டாட்டி."

"நோபுயோவா?"

"பேட்டைக் கூட்டத்துல எழுந்து பேசினதே அவங்கதான். 'அவருகிட்ட யாரும் எதுவும் சொல்லாதீங்க, மனசு கஷ்டப்படுவாரு, நானே பக்குவமா சொல்லிக்கறேன்'னாங்க. நாங்களும் அதுக்குள்ள சொல்லியிருப்பாங்கன்னு நினைச்சோம். நீயும் தெரிஞ்சுக்கிட்டுப் பெரிய மனுசனாப் பேசாம இருக்கேன்னு ஷிபுயே உன்னைப் புகழாத நாள் கிடையாது."

தெய்ஜி குச்சிகளை எடுத்தார், மறுபடி வைத்தார். "அப்ப நீ இங்க வந்து அடிவரைக்கும் குடிக்கறியே, அது என்ன?"

"இது ஆத்துக்கு அந்தண்டை பக்கம்டா. உறுதி குடுத்தது நம்ம பேட்டைல." இதைச் சொல்லும்போது கொன்னோவுக்கே வெட்கமாகத்தான் இருந்தது. "மாசத்துக்கு ஒரு தடவைதான். நோபுயோகிட்ட சொல்லிடாத, உன் கால்ல விழறேன்."

"சொல்லமாட்டேன்."

"ஒண்ணு கேக்கட்டுமா? கோவிச்சுக்காத. செப்டம்பர்ல உன் சூப்பைப் பாதியில வைக்கறது உயிரைப் பிடுங்கற மாதிரி இருந்துச்சு. வீட்டுக்குப் போயும் அதே நினைப்பு. இப்ப ஒரு மாசமா அந்தக் கஷ்டமே இல்ல. ரெண்டு வாய் குடிச்சதும் தானா வச்சிடறேன். என்னடா போடற அதுல?"

தெய்ஜிக்கு அந்தக் கேள்வி கன்னத்தில் அறைந்தது போலும் இருந்தது. தோளிலிருந்து ஒரு மூட்டையை யாரோ இறக்கியது போலும் இருந்தது. கிண்ணத்தைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். ஒரு வாய் குடித்ததும் நிமிர்ந்தார்.

"இவங்க மீனை வறுத்துட்டு அப்புறம் கொதிக்கவிடறாங்க, பாத்தியா?"

"உனக்குப் பைத்தியம்தான்" என்றான் கொன்னோ.

வீட்டுக்குத் திரும்பியபோது நோபுயோ பின்கட்டில் உட்கார்ந்து, காயவைப்பதற்காகக் காக்கி என்னும் இலையுதிர்காலப் பழங்களைத் தோல் சீவிக் கயிற்றில் கோத்துக்கொண்டிருந்தாள். தெய்ஜி சைக்கிளை நிறுத்திவிட்டு அவளுக்கு எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"நோபுயோ, நான் கத்தி தீட்டப் போகல."

"தெரியுங்க. நாலு புதன்கிழமையாத் தீட்டின கத்தி ஒரு முள்ளங்கியக்கூட ஒழுங்கா வெட்டல."

"பின்ன எங்க போறேன்னு நினைச்ச?"

அவள் கை நின்றது. "ஆஸ்பத்திரிக்கு."

"ஆஸ்பத்திரிக்கா? எனக்கென்ன?"

"உங்க நாக்குக்கு ஏதோ ஆயிடுச்சுன்னு நினைச்சேன். ஒரு மாசமா சூப்பு வாய்ல வைக்க முடியல. கடல் தண்ணியில சக்கரை போட்ட மாதிரி இருக்கு. உங்களுக்கு அது தெரியலையேன்னு ராத்திரியெல்லாம் தூக்கம் இல்ல. என்கிட்ட மறைச்சு வைத்தியம் பாக்கறீங்க, நீங்களாச் சொல்ற வரைக்கும் கேக்கக்கூடாதுன்னு இருந்தேன்."

தெய்ஜி ஒரு பழத்தை எடுத்துக் கையில் உருட்டினார். அவர் இத்தனை நாள் தம் சாற்றுக்காக அஞ்சிக்கொண்டிருந்தார். இவள் அவருடைய நாக்குக்காக அஞ்சிக்கொண்டிருந்திருக்கிறாள். ஒரே அடுப்பைச் சுற்றி இருவரும் இரண்டு பயத்தைச் சமைத்திருக்கிறார்கள்.

"என் நாக்கு நல்லாத்தான் இருக்கு. ஆத்துக்கு அந்தப் பக்கம் மீனை வறுத்துப் போடறாங்கன்னு ஒரே வாய்ல கண்டுபிடிச்சேன். கிண்ணமெல்லாம் பாதியா வந்துச்சேன்னுதான் என்னென்னவோ போட்டேன். கடைய மூடிட்டு மாவு பிசையப் போலாம்னுகூட இருந்தேன். உப்பு விஷயம் இன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

நோபுயோவின் முகம் மாறியது. "யார் சொன்னா?"

"அத விடு. நீ ஏன் சொல்லல?"

"எப்படிங்க சொல்றது?" அவள் சீவும் கத்தியைக் கீழே வைத்தாள். "போன குளிர்ல என் தம்பி கூரைப் பனியைத் தள்ளிக்கிட்டிருக்கும்போது பக்கவாதம் வந்து விழுந்தானே, டாக்டர் என்ன சொன்னாரு? உப்புதான்னாரு. இன்னும் அவன் இடது கை கிண்ணத்தப் பிடிக்கல. கொன்னோவுக்கு ரத்தக்கொதிப்பு நூத்தி எழுபது, ஷிபுயேவுக்கு அதுக்கும் மேல. உங்களுக்கு எவ்வளவுன்னே தெரியாது, நீங்க அளக்கவே விடறதில்ல. ஆனா விடியக்காலம் மூணு மணிக்கு எழுந்து நீங்க காய்ச்சறதைப் பாத்து, 'இதைப் பாதி கொட்டணும்'னு எந்த வாயால சொல்றது? நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு..."

"நானும் நாளைக்குக் கேக்கலாம்னுதான் இருந்தேன்" என்றார் தெய்ஜி.

சீவும் கத்தி மறுபடி அவள் கைக்கு வந்தது. பிறகு நோபுயோ தலை நிமிராமலே கேட்டாள்: "நாலு கடை போனீங்களா?"

"நாலு."

"எனக்கு ஒரு கடைகூடக் காட்டல."

மறுநாள் விடியலில் தெய்ஜி பானையில் இருந்ததை எல்லாம் கொட்டிவிட்டு, கோழி எலும்பு, நெத்திலி, கடற்பாசி என்ற பழைய மூன்றோடு புதிதாகத் தொடங்கினார். சோயாக் கலவை பழையபடி ஒரே கரண்டி. நூடுல்ஸ் பெட்டிகளோடு ஹசெகுரா வந்தார்.

"மாஸ்டர், அந்த ஆள் என்ன சொன்னாரு?"

"வரமாட்டாராம்."

"அடடா. வேற வேலை கிடைச்சிடுச்சா?"

"பழைய வேலையே திரும்பக் கிடைச்சிடுச்சு."

நண்பகலில் ஷிபுயே வந்து உட்கார்ந்தார். நூடுல்ஸ் முடிந்தது. கிண்ணத்தை இரு கைகளாலும் தூக்கி ஒரு வாய் குடித்தவர், சட்டென்று கண்ணைத் திறந்தார். இன்னொரு வாய் குடித்தார். பாதி வந்ததும் கிண்ணத்தை இறக்காமல் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, உள்ளே எதையோ தொலைத்தவரைப் போல் பார்த்தபடி வெகு நேரம் இருந்தார். கடைசியில் பெருமூச்சோடு பலகையில் வைத்தார்.

"இன்னிக்கு ரொம்பக் கொடுமை, மாஸ்டர்" என்றார்.

அந்தக் கிண்ணத்தில் பாதிச் சாறு இருக்கத்தான் இருந்தது. ஆனால் தெய்ஜி இப்போது சாற்றின் அளவைப் பார்க்கவில்லை. கிண்ணம் அந்தரத்தில் நின்ற நேரத்தைப் பார்த்தார். இருபத்து மூன்று ஆண்டுகளாகப் படித்த பலகையில் இப்படி ஒரு எழுத்து இருப்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

அடுத்த புதன்கிழமை கணவனும் மனைவியும் பேருந்தில் கிழக்கே மலையடிவாரம்வரை போனார்கள். நோபுயோ தன் கைப்பையில் உப்பு அளக்கும் கருவியை வைத்திருந்தாள். அதை வெளியே எடுக்கக்கூடாது என்று தெய்ஜி பேருந்திலேயே வாக்கு வாங்கியிருந்தார். இருவருக்கும் பழக்கமில்லாத ஒரு கடையைத் தேர்ந்தெடுத்தார்கள். தலையில் துண்டு கட்டிய ஒரு நடுத்தர வயதுப் பெண் தனியாக அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே ராமெனின் மேல் கணவாய் மீனின் கால் பஜ்ஜியைச் சுடச்சுடப் போட்டுத் தந்தாள். பஜ்ஜியின் மாவு சாற்றை உறிஞ்சிப் பாதி மொறுமொறுப்பும் பாதி மென்மையுமாக ஆகும் தருணம் எது என்று இருவரும் தங்களுக்குள் விவாதித்தார்கள்.

"இப்பக் கடிங்க, இப்பக் கடிங்க!"

"அவசரப்படாத. இன்னும் பத்து எண்ணணும்."

"நீங்க எண்ணறதுக்குள்ள அது கஞ்சியாயிடும்."

சாறு மிக நன்றாக இருந்தது. நோபுயோ பாதிக்கு வந்ததும் கிண்ணத்தை இறக்கி, மறுபடி தூக்கி, மீண்டும் இறக்கினாள். முத்திரை குத்திய வீட்டின் நபர்கள் என்பதால் இருவருமே நிறுத்தியாகவேண்டும். கிண்ணங்களைப் பலகையில் வைத்து நன்றிச் சொல்லைச் சொல்லிவிட்டு எழுந்தார்கள்.

வாசல் திரையை விலக்கும்போது தெய்ஜி திரும்பிப் பார்த்தார். அந்தப் பெண் இரண்டு கிண்ணங்களையும் அருகருகே வைத்துக்கொண்டு குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அகப்பையால் பானையிலிருந்து ஒரு வாய் எடுத்துக் குடித்து, நெற்றியைச் சுருக்கினாள். அவள் கை சோயாக் கலவை ஜாடியின் பக்கம் போயிற்று.

"ஏங்க..." என்றாள் நோபுயோ. அவளும் அதைப் பார்த்துவிட்டாள்.

தெய்ஜி திரையை விட்டுவிட்டு உள்ளே வந்தார். சாப்பிட்டவர் சமையற்காரரிடம் சாற்றைப் பற்றிப் பேசுவது அவர் வாழ்நாளில் செய்யாத காரியம். காது சிவந்துபோயிற்று.

"அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க சூப்பு பிரமாதம். அந்த ஜாடியைத் தொடாதீங்க."

அவள் திகைத்து நின்றாள். "பின்ன ஏன் ரெண்டு பேரும் பாதியில...?"

"எங்க பேட்டைல உப்பைக் குறைக்கறதா எல்லாரும் உறுதி குடுத்திருக்கோம். ஆறு மாசத்துக்குப் பாதிதான். இவங்கதான் ஆரம்பிச்சாங்க" என்று மனைவியைக் கைகாட்டினார். "நானும் ராமென் கடைக்காரன்தான். இது தெரியாம ஒரு மாசம் என் சூப்பைக் குட்டிச்சுவரா ஆக்கிட்டேன்."

"ஐயோ, நல்லவேளை சொன்னீங்க!" அவள் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "காலையில கோழி எலும்பு வேற இடத்துல வாங்கினேன். அதனாலதான்னு நினைச்சு, நெஞ்சு திக்குன்னு ஆயிடுச்சு."

"அப்ப அந்த எலும்பையே வாங்குங்க" என்றார் தெய்ஜி. "எங்க வாங்கினீங்க?"

அவள் சொன்னாள். அவர் வேறொன்று கேட்டார். அவள் பஜ்ஜி மாவைப் பற்றி அவர் கேட்டதற்குப் பாதி பதில் சொல்லி, மீதியைச் சொல்லாமல் சிரித்தாள். அடுத்த ஆட்கள் உள்ளே வந்து உட்காரும்வரை பேச்சு நடந்தது.

"திங்கட்கிழமை எனக்கு லீவு. உங்க கடைக்கு வரேன்" என்றாள் அவள். பிறகு நோபுயோவைப் பார்த்துத் தயங்கினாள். "ஏன் அக்கா, அங்க வந்தா நானும் பாதிதான் குடிக்கணுமா?"

நோபுயோ அந்தக் கேள்வியைக் பேட்டைக் கூட்டத்தில் யாரோ எழுந்து கேட்டது போலவே கவனமாக யோசித்தாள். "நீங்க எங்க பேட்டை ஆள் இல்லையே" என்றாள் கடைசியில். "ஒரு நாளைக்குத்தானே. அடிவரைக்கும் குடிங்க, பரவாயில்ல."

அக்கரைக் கடையில் கொன்னோ சொன்னது நினைவுக்கு வந்து, தெய்ஜிக்குத் திடீரென்று இருமல் வந்துவிட்டது.